ஆறாவது ஆளின் சட்டை

லியோனா குஸ்மிக் ஓர் அறையில் இருந்தால், அவள் இருப்பது மற்றவர்களுக்குத் தெரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கடைசி பெஞ்சு அவளுக்கு. கல்யாண விருந்து என்றால் பந்தியில் உட்கார மாட்டாள். சமையலறையில் தட்டு துடைத்துக்கொண்டு நிற்பாள். அமெரிக்காவில், பெரிய ஏரி ஒன்றை ஒட்டிய ஈரி நகரத்தின் கிழக்குப் பக்கத்தில், தான் பிறந்த வீட்டிலேயே ஐம்பது வயதைத் தாண்டியவள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களும் ஒரு வயதுக்கு மேல் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

ரயில் எஞ்சின் செய்கிற தொழிற்சாலையில் அப்பாவின் கை நசுங்கிய வருஷம் அவள் பள்ளிக்கூடத்தை விட்டாள். ஹோட்டல் துணிகளை வெளுக்கிற சலவை ஆலை ஒன்றில் சேர்ந்தாள். விரிப்பு, தலையணை உறை, மேஜைத் துணி என்று அவள் இளமை முழுக்க வெள்ளையாகவே போயிற்று. அந்த ஆலையை மூடியபோது இன்னொரு வேலை தேடிப் போக அவளுக்கு வாய் வரவில்லை. யாரிடமாவது போய் எனக்கு வேலை வேண்டும் என்று கேட்க வேண்டுமே. அண்ணன் ஸ்டாஷ்தான் கடைசியில் அவளைத் தன் வண்டியில் ஏற்றி, ஏரிக்கரை அரங்கத்துக்குக் கூட்டிப் போய், அலுவலக வாசலில் நிறுத்தினான்.

"இவ என் தங்கச்சி. நல்லா வெளுப்பா. பேச மாட்டா," என்றான்.

"பேசாத ஆளா? இந்தக் கட்டடத்துல அப்படி ஒரு ஆள் வேணும்னுதான் இருந்தோம்," என்றார் உள்ளே இருந்தவர். வேலை கிடைத்துவிட்டது.

ஸ்டாஷ் அதே அரங்கத்தில் தரை மாற்றுகிற கூட்டத்தில் இருந்தான். அங்கே குளிர்காலம் முழுக்கப் ஐஸ் ஹாக்கி நடக்கும். ஹாக்கி இல்லாத நாட்களில் உறைந்த பனிமேல் பலகைகளை அடுக்கி, அதன்மேல் பச்சைக் கம்பளத்தை உருட்டி விரித்து ஒட்டுவார்கள். கூரைக்குக் கீழே, நாலு பக்கமும் மரச்சுவர் சூழ்ந்த அந்தச் சின்ன மைதானத்தில் பீக்கன்ஸ் என்கிற உள்ளூர் அணி கால்பந்து ஆடும். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், அதோடு கோல் காக்கிற கோலி ஒருவன். பந்து சுவரில் பட்டுத் திரும்பும். வெளியே போகிற பேச்சே இல்லை. கீழே பனி இருப்பதால் கம்பளத்தின் வழியே குளிர் ஏறும். விழுந்தவனுக்கு முழங்கையிலும் முட்டியிலும் தோல் உரிந்துவிடும். ஆட்டம் முடிந்து வருகிற சிவப்புச் சட்டைகளில் எது சாயம், எது ரத்தம் என்று லியோனாவுக்குத்தான் தெரியும். வெந்நீரில் போட்டால் ரத்தம் துணியிலேயே தங்கிவிடும். அவள் பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைப்பாள்.

அவளுடைய சலவை அறை இருக்கைகளுக்கு அடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. இரண்டு சலவை இயந்திரம், துணி உலர்த்துகிற பெரிய பெட்டி ஒன்று, ஒரு தையல் மெஷின். தலைக்கு மேலே ஜனங்கள் காலை உதைப்பதை வைத்தே ஆட்டம் எப்படிப் போகிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். ஆனாலும் வேலை முடிந்ததும் ஆட்டக்காரர்கள் வெளியே ஓடிவருகிற சுரங்கப்பாதையின் வாயில், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு பார்ப்பாள். யாரும் அவளைப் போகச் சொன்னதில்லை. பார்த்தால்தானே சொல்வதற்கு.

"இப்படி அசையாம நின்னீன்னா, ஒருநாள் எவனாவது உன்ன மெஷின்னு நெனச்சு வாயில துணியத் திணிக்கப் போறான்," என்பான் ஸ்டாஷ்.

அந்த வருஷம், எண்பத்தெட்டு நவம்பரில், எல்லாம் ஆடம்பரமாகத்தான் ஆரம்பித்தது. பீக்கன் என்றால் கலங்கரை விளக்கம். ப்ளைவுட்டில் ஓர் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காகக் கலங்கரை விளக்கம் செய்து, உச்சியில் சுழலும் விளக்கு வைத்து, அதன் கதவு வழியாக ஒவ்வொரு ஆட்டக்காரனும் புகைக்குள்ளிருந்து ஓடி வந்தான். டிசம்பரில் வரிசையாகத் தோற்றார்கள். சுழலும் விளக்கு ஒருநாள் நின்றுபோனது, மாற்ற ஆளில்லை. ஏரியிலிருந்து அடித்த பனி தெருவை மூடியபோது ஜனங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். தலைக்கு மேலே கால்களின் சத்தம் வாராவாரம் மெலிந்துகொண்டே வந்ததை லியோனா கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் முதலாளி டேல் ஹெம்ப்ஹில் எல்லோரையும் கம்பளத்தின்மேல் கூப்பிட்டு நிறுத்தினார். ஊரில் பெரிய சோபாக் கடை வைத்திருப்பவர். டிக்கெட் கிழிக்கிறவர்களும் வந்திருந்தார்கள். லியோனா கதவோரம் நின்றாள்.

"சுத்தி வளைக்கல. கோப்பைக்கான ப்ளேஆஃப் சுற்றுக்குப் போனா அடுத்த வருஷமும் டீம் உண்டு. போகலேன்னா நான் சோபா மட்டும் வித்துக்கிட்டு இருப்பேன்."

"சோபாவாவது விக்குதா, சார்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். ஹெம்ப்ஹில்லும் சிரித்தார். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

லியோனா சிரிக்கவில்லை. இந்த அறையும் போய்விட்டால் தன்னை இன்னொரு வாசலில் கொண்டுபோய் நிறுத்த ஸ்டாஷுக்கு இன்னும் எத்தனை வருஷம் தெம்பு இருக்கும் என்று யோசித்தாள். அதோடு, அவளால் யாரிடமும் சொல்ல முடியாத இன்னொன்றும் இருந்தது. காலையில் எழுந்ததும் போக ஓர் இடம் இருந்தது. அங்கே மிர்கோ இருந்தான்.

மிர்கோ பாலபான் யூகோஸ்லாவியாக்காரன். நோவி சாத் ஊர். முப்பத்தாறு வயது, இந்த ஆட்டத்துக்கு அது கிழவன் வயது. இரண்டு முட்டியும் போய்விட்டன. ஆனால் இடது காலில் உதைத்தானென்றால் பந்து சுவரில் மோதுகிற சத்தத்துக்குக் குழந்தைகள் அழும். ஓட முடியாது, உதைக்க முடியும் என்கிற ஆளை எங்கே வைத்துக்கொள்வது? கோச் கென் ரட்லெட்ஜ் அவனுக்கு ஒரு இடம் கண்டுபிடித்தார். ஒரு கோல் பின்தங்கி இருக்கும்போது, கடைசி இரண்டு நிமிஷத்தில், கோலியை வெளியே இழுத்துவிட்டு, ஆறாவது ஆளாக ஓர் ஆட்டக்காரனை உள்ளே அனுப்பலாம். கோல் வாய் காலியாகக் கிடக்கும், அது சூதாட்டம்தான். ஆனால் ஒரு விதி உண்டு. அந்த ஆறாவது ஆள் கோலியின் நிறத்தில் சட்டை போட்டிருக்க வேண்டும், முதுகில் தன் சொந்த எண்ணோடு. ஆட்டம் அதற்காக நிற்காது. கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கோலி ஓடி வருவான். சட்டை மாற்றியவன் ஓடிப் போக வேண்டும்.

பீக்கன்ஸின் கோலி கர்ட்டுக்கு மஞ்சள் சட்டை. மிர்கோவுக்கும் ஒரு மஞ்சள் சட்டை, பதினேழாம் எண். தோற்றுக்கொண்டிருக்கிற ஆட்டத்தில் பெஞ்சில் மிர்கோ எழுந்து நின்று சிவப்பைக் கழற்றினால் போதும், அரங்கம் முழுக்க எழுந்துவிடும். "கிழவன் எழுந்துட்டான், ஆம்புலன்ஸப் பின்பக்கம் நிறுத்துங்கடா," என்று கூட ஆடுகிறவர்களே கத்துவார்கள். அப்படித்தான் அவன் அந்த வருஷம் தோற்க இருந்த நாலைந்து ஆட்டங்களைத் திருப்பினான்.

நவம்பரில் ஒருநாள் அவன் அந்த மஞ்சள் சட்டையோடு சலவை அறைக்கு வந்தான். இரண்டு காதும் சிவந்திருந்தன.

"கொஸ்போஜா லியோனா, இந்தச் சட்டைக்கும் என் தலைக்கும் ஒத்து வரல," என்றான். கொஸ்போஜா என்றால் அவன் பாஷையில் அம்மணி. அவளை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

அவள் தலையைப் பார்த்தாள். பெரிய தலைதான். சட்டையை வாங்கி, கழுத்திலிருந்து தோள் வரைக்கும் கத்தரியால் திறந்து, ஓரம் அடித்து, மூன்று பிரஸ் பட்டன் வைத்தாள். அவன் அங்கேயே போட்டுப் பார்த்தான். கண்மூடித் திறப்பதற்குள் தலை வெளியே வந்துவிட்டது.

"எங்கம்மா என்னைப் பெத்தப்ப நீங்க பக்கத்துல இருந்திருக்கணும்," என்றான்.

லியோனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பயிற்சி முடிந்ததும் அவன் அங்கே வரத் தொடங்கினான். பெரிய அரங்கத்தில் சூடாக இருந்த ஒரே இடம் அந்த உலர்த்துகிற பெட்டியின் பக்கம்தான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு, முட்டியைப் பெட்டியின் தகரத்தில் சாய்த்துக்கொண்டு உட்காருவான். அவன் பேசுவான்; அவள் மடிப்பாள். நோவி சாத்தில் மனைவியும் மகளும் இருந்தார்கள். மகளுக்கு ஒன்பது வயது. இன்னொரு சீசனுக்கு ஒப்பந்தம் கிடைத்தால் இரண்டு பேரையும் இங்கே கூட்டி வந்துவிடலாம்.

"அங்க இப்ப எல்லாரும் உரக்கப் பேச ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கு அது பிடிக்கல," என்று ஒருநாள் சொன்னான்.

"இங்க யாரும் பேசறதே இல்ல," என்றாள் லியோனா. சொன்ன பிறகுதான், தான் பதில் சொன்னது அவளுக்கே தெரிந்தது.

"உங்களச் சொல்றீங்களா, ஊரைச் சொல்றீங்களா?"

அவள் பெப்பரோனி இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டி உருண்டை ஒன்றைக் காகிதத்தோடு அவன் பக்கம் நகர்த்தினாள். அதுதான் பதில்.

பிப்ரவரியில் அணி கொஞ்சம் எழுந்தது. மார்ச்சில் மறுபடி விழுந்தது. கடைசியில் எல்லாம் ஒரே ஆட்டத்தில் வந்து நின்றது. ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறு, மத்தியானம், யங்ஸ்டவுன் அணியோடு. ஜெயித்தால் ப்ளேஆஃப். வேறு வழி கிடையாது.

லியோனா காலைப் பூசையிலிருந்து நேராக வந்தாள். கோட்டுப் பையில் குருத்தோலை இருந்தது. அதை எடுத்து உலர்த்துகிற பெட்டியின் மேல் வைத்தாள். அப்போதுதான் பயிற்சியாளரின் உதவி ஆள் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"யங்ஸ்டவுன்காரனுங்க நீலச் சட்டைப் பெட்டிய ஊர்லயே விட்டுட்டு வந்துட்டானுங்க. மஞ்சள் சட்டைதான் இருக்காம். ரெஃபரி சொல்றாரு, நம்ம கோலி மஞ்சள் போடக்கூடாதாம். வேற ஏதாவது இருக்கா?"

அவள் அலமாரியின் அடியிலிருந்து இரண்டு சாம்பல் நிறச் சட்டைகளை எடுத்தாள். அணி ஆரம்பித்த வருஷம் வாங்கியவை. தடிமனான பருத்தி, இழுத்தால் நீளாது. ஒன்று கர்ட்டுக்குச் சரியாக இருக்கும். இன்னொன்று மிர்கோவுக்கு. அதில் எண் கிடையாது. உதவி ஆள் கர்ட்டின் சட்டையை வாங்கிக்கொண்டு ஓடினான்.

பழைய சிவப்புச் சட்டை ஒன்றிலிருந்து பதினேழை வெட்டி எடுத்துச் சாம்பல் முதுகில் வைத்துத் தைத்தாள். பிறகு கழுத்து. பிரஸ் பட்டன் தீர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. முழுவதும் திறந்துவிட்டால் பட்டன் இல்லாமல் சட்டை தோளில் நிற்காது, ரெஃபரி அதற்கும் ஏதாவது சொல்வார். கழுத்தில் கொஞ்சம் வெட்டி ஓரம் அடித்தாள். கையை உள்ளே விட்டு விரித்துப் பார்த்தாள். போதும்போல இருந்தது. போதாது போலவும் இருந்தது.

போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

சட்டையை எடுத்துக்கொண்டு ஆட்டக்காரர்களின் அறை வாசலுக்குப் போனாள். அந்த அறைக்குள் அவள் ஒருநாளும் போனதில்லை. மடித்த துணியைக் கூடையில் வைத்து வாசலில் விட்டுவிட்டுத் திரும்புவாள். காலிக் கூடை மறுநாள் வாசலில் இருக்கும். உள்ளே பாட்டு அலறிக்கொண்டிருந்தது. யாரோ ஈரத் துண்டால் யாரையோ அடிக்க, பெரிய சிரிப்பு எழுந்தது. பாதி உடுப்போடு இருக்கிற பத்துப் பதினைந்து ஆண்கள். அவள் தட்டினால் பாட்டு நிற்கும். எல்லோரும் திரும்புவார்கள். மிர்கோவைக் கூப்பிட வேண்டும். இதைப் போட்டுப் பாருங்கள் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். யாராவது ஏதாவது சொல்வார்கள். கெட்டதாகக்கூட இருக்காது, வெறும் கேலியாக இருக்கும். 

கையைத் தூக்கினாள். கை கதவுக்கு முன்னால் நின்றது.

உள்ளே மறுபடி சிரித்தார்கள். அவள் கையை இறக்கிக்கொண்டாள். நடந்து போய், மைதானத்தின் ஓரத்தில் பெஞ்சுக்குப் பின்னால், மஞ்சள் சட்டை எப்போதும் தொங்குகிற ஆணியில் சாம்பல் சட்டையை மாட்டிவிட்டு வந்தாள். ஒருவேளை அது இன்று தேவைப்படாமலே போகலாம். ஜெயித்துக்கொண்டிருந்தால் ஆறாவது ஆள் எதற்கு?

அன்றைக்கு ஜனங்கள் வந்திருந்தார்கள். தலைக்கு மேலே சத்தம் நவம்பரில் கேட்டதுபோலக் கேட்டது. லியோனா சுரங்கப்பாதையின் வாயில் வந்து நின்றாள். பீக்கன்ஸ் நன்றாக ஆடியது. ஆட்டத்தின் நாலு பகுதியில் கடைசிப் பகுதி தொடங்கும்போது ஐந்துக்கு மூன்று என்று முன்னால் இருந்தது. பக்கத்தில் ஸ்டாஷ் கம்பளம் ஒட்டுகிற நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னடி மூச்சே விடாம நிக்கிற? ஜெயிக்கிறோம்," என்றான்.

அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஆணியில் தொங்குகிற சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யங்ஸ்டவுன் ஒன்று போட்டது. பிறகு பந்து சுவரில் பட்டு, யாருடைய காலிலோ பட்டு, இன்னொன்றும் ஆயிற்று. சமம். பெஞ்சில் ரட்லெட்ஜ் தொப்பியைக் கழற்றினார். இரண்டரை நிமிஷம் இருக்கும்போது மூன்றாவதும் உள்ளே போயிற்று. ஆறுக்கு ஐந்து. தலைக்கு மேலே சத்தம் சட்டென்று அடங்கி, உடனே வேறு மாதிரியான சத்தம் எழுந்தது. அது என்ன சத்தம் என்று லியோனாவுக்குத் தெரியும். மிர்கோ எழுந்து நின்றுவிட்டான்.

"சட்டை," என்றார் ரட்லெட்ஜ்.

மிர்கோ சிவப்பைக் கழற்றினான். ஆணியிலிருந்து சாம்பலை எடுத்தான். இரண்டு கையையும் விட்டு, எப்போதும் போலத் தலைக்கு மேலே தூக்கி இழுத்தான். கைகள் வெளியே வந்தன. தலை வரவில்லை.

பந்து பீக்கன்ஸ் காலில் இருந்தது. நல்ல சமயம். மைதானத்தின் கோடியிலிருந்து கர்ட் பெஞ்சைப் பார்த்தான். இரண்டு சாம்பல் கைகள் உயர்ந்திருப்பது தெரிந்தது. எப்போதும் அந்தக் கை உயர்ந்த மறுநொடி தலை வந்துவிடும். ரட்லெட்ஜும் திரும்பிப் பார்க்காமலே கையை வீசினார். கர்ட் கோலை விட்டு ஓடி வந்தான். தாவிப் பெஞ்சு வாசலுக்குள் குதித்தான்.

"போ," என்று கத்தினான். "போயேன்யா."

மிர்கோ போகவில்லை. தலையில்லாத சாம்பல் உடம்பு ஒன்று கைகளைத் தூக்கிக்கொண்டு, துணிக்குள்ளே முண்டியது. ஒருபக்கம் இழுத்தது, மறுபக்கம் இழுத்தது. ஜனங்கள் முதலில் கைதட்டினார்கள். பிறகு விஷயம் புரிந்து யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குத் தாவி, அரங்கம் முழுக்கப் பரவியது.

லியோனாவின் ஏப்ரன் பையில் கத்தரி இருந்தது. அவள் நின்ற இடத்துக்கும் பெஞ்சுக்கும் நடுவே கொஞ்ச தூரம்தான். ஓடினால் ஒரு மூச்சு. கை பைக்குள் போய்க் கத்தரியைப் பிடித்தது. ஆனால் வெளிச்சம் முழுக்க அங்கேதான் இருந்தது. அத்தனை ஜனமும் அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கால் எழவில்லை.

உள்ளே ஒரு ஆள் குறைவாக ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்தைப் பறிகொடுத்தார்கள். யங்ஸ்டவுன்காரன் ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். காலியான கோல் அவன் கண்ணில் பட்டது. அவசரமே இல்லாமல் உதைத்தான். பந்து பச்சைக் கம்பளத்தின்மேல் நீளமாக, மெதுவாக உருண்டு போயிற்று. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அது போகப் போக ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பந்து உள்ளே போனபோது அரங்கத்தில் சத்தமே இல்லை. துணிக்குள்ளிருந்து மிர்கோவின் குரல் மட்டும் கேட்டது.

"என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்கய்யா, என்ன ஆச்சு?"

அணியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர் வந்து அந்தச் சட்டையை வெட்டித்தான் எடுத்தார். அதற்குப் பிறகு மிர்கோ தன் மஞ்சள் சட்டையும் போட முடியாமல், சிவப்பும் போடாமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆட்டம் ஏழுக்கு ஐந்தில் முடிந்தது.

லியோனா சலவை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு இயந்திரத்தையும் துணி போடாமலே ஓடவிட்டாள். வெளியே எந்தச் சத்தமும் கேட்கக் கூடாது.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. ஸ்டாஷ் தட்ட மாட்டான், நேராக வருவான். அவள் திறந்தாள். மிர்கோ கோட்டுப் போட்டிருந்தான். கையில் சாம்பல் சட்டை இரண்டாக வெட்டப்பட்டுக் கிடந்தது. இரண்டு காதும் சிவந்திருந்தன. நெற்றியில் துணி உரசிய கோடு.

"உள்ள வரலாமா?"

அவள் விலகி நின்றாள். அவன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். காலியாகச் சுற்றுகிற இயந்திரத்தைப் பார்த்தான்.

"தண்ணியத் தொவைக்கிறீங்களா?"

அவள் நிறுத்தினாள்.

"எங்க ஊர்ல இருந்தப்ப அறுபதாயிரம் பேர் முன்னாடி ஆடியிருக்கேன்," என்றான். "அங்க ஒருத்தனும் இந்த அளவுக்குச் சிரிச்சதில்ல."

"நான் வாசல் வரைக்கும் வந்தேன்," என்றாள் லியோனா. "போட்டுப் பாக்கச் சொல்லணும்னு வந்தேன்."

"எந்த வாசல்?"

"உங்க ரூம். சட்டையோட நின்னேன்."

அவன் அவளைப் பார்த்தான். கோபமாக ஒன்றும் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

"தட்டியிருக்கலாமே, கொஸ்போஜா."

"ஆமா."

"தட்டினா நான் வந்திருப்பேன்."

"தெரியும்."

 முட்டி சூடாகிற வரைக்கும்கூட அவன் உட்காரவில்லை. எழுந்தான். வெட்டிய சட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்து, பெட்டியின் மேல், குருத்தோலைக்குப் பக்கத்தில் வைத்தான். வாசலில் நின்று, "என் பொண்ணுகிட்ட உங்களப் பத்திச் சொல்லியிருக்கேன்," என்றான். என்ன சொல்லியிருக்கிறான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

மறுநாள் உள்ளூர்ப் பேப்பரில் அந்தப் படம் வந்தது. கைகளை உயர்த்திய, தலையில்லாத மனிதன். பின்னால் சிரிக்கிற ஜனங்கள். செவ்வாய்க்கிழமை ஹெம்ப்ஹில் அணியைக் கலைத்துவிட்டதாகச் சொன்னார். ப்ளைவுட் கலங்கரை விளக்கத்தை ஸ்டாஷும் இன்னும் மூன்று பேரும் சுமந்துபோய் அரங்கத்துக்குப் பின்னால் பனியில் சாய்த்துவிட்டு வந்தார்கள்.

பெரிய வெள்ளியன்று தேவாலயக் கூடத்தில் வழக்கம்போல மீன் பொரித்தார்கள். லியோனா பின்னால் நின்று, கிழங்கு வைத்த கொழுக்கட்டை மாதிரியான பியரோகிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்றவர்களுக்கு அந்த வாரம் வேறு பேச்சே இல்லை.

"அந்தத் தலையில்லாதவனப் பாத்தியா? என் வாழ்க்கையிலயே அப்படிச் சிரிச்சதில்ல."

"பந்தாட வந்தவனுக்குச் சட்டை போடத் தெரியலங்க. எங்க இருந்துதான் புடிச்சிட்டு வராங்களோ."

"குடிச்சிருப்பான்."

"அவன் குடிக்கல," என்றாள் லியோனா. "சட்டைய நான்தான் தச்சேன். கழுத்து பத்தல."

கரண்டிகளின் சத்தத்திலும் எண்ணெய்ச் சத்தத்திலும் யாருக்கும் அது கேட்கவில்லை. பக்கத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்த ஸ்டாஷுக்கு மட்டும் கேட்டது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு கழுவுகிற தட்டையே பார்த்தான்.

"அவன் நேத்தே க்ளீவ்லேண்டுக்குக் கிளம்பிட்டான்," என்றான் மெதுவாக. "அங்கிருந்து ஊருக்கு ப்ளேன். உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

அவளுக்குத் தெரியாது. தட்டில் பியரோகியை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

வேலை போன பிறகு கோடை முழுக்க அவள் வீட்டில் இருந்தாள். இலையுதிர் காலத்தில், ஸ்டாஷுக்கு முதுகு பிடித்துக்கொண்டு படுத்திருந்த ஒரு வாரத்தில், அவள் தானாகப் பஸ் ஏறி, கன்னியர் நடத்துகிற முதியோர் இல்லத்துக்குப் போனாள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். மணியை அடித்தாள். சலவை வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டியிருந்தது.

அங்கே இரவு அங்கி வெளுப்பதும் கிழிந்ததைத் தைப்பதும் அவள் வேலை. துணியை அறைவாசலில் கூடையில் வைத்துவிட்டுப் போனால் போதும் என்றுதான் சொன்னார்கள். பழைய ஆள் அப்படித்தான் செய்துவந்தாள். லியோனா அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு கதவையும் தட்டுகிறாள். தட்டுவதற்கு முன்னால் இன்றைக்கும் கை கொஞ்சம் நிற்கிறது.

"யாரு?" என்று உள்ளே இருந்து கேட்கும்.

"துணி."

"வெச்சிட்டுப் போ."

"போட்டுப் பாக்கணும்."

"பதினாலு வருஷமா அங்கி போடறேன், எனக்குத் தெரியாதா?" என்று சண்டைக்கு வருவார் கோடி அறையில் இருக்கிற கிழவர். பழைய எஞ்சின் தொழிலாளி. பக்கவாதத்தில் ஒரு கை போனவர். "நீ யாரு, புதுசா?"

"ஆமா."

"பேச மாட்டியா?"

 அங்கியைப் பிடித்து, போன கையை முதலில் உள்ளே விடுவாள். பிறகு நல்ல கை. கிழவரின் முகம் துணிக்குள் மறையும். உள்ளேயிருந்து ஏதோ முணுமுணுப்பு கேட்கும். லியோனா ஏப்ரன் பையில் கத்தரியைத் தொட்டுக்கொண்டு, தலை வெளியே வரும்வரை அங்கேயே நிற்பாள்.